நெட்டுக்குப்பத்து எட்டுக் கிடாக்கள்

சனிக்கிழமை, காலை 5.50. தாம்பரத்தில் கடற்கரை போகும் மின்ரயிலில் ஏறினேன். டிக்கெட் பத்து ரூபாய், தூரம் முப்பது கிலோமீட்டர் இருக்கும். கைப்பையில் எட்டுப் புகைப்படங்கள், ஊதா மூடி போட்ட, இரத்தம் பிடிக்கிற இரண்டு குழாய்கள், உறை பிரிக்காத ஊசி, பஞ்சு, ஒரு ரூல்டு நோட்டு. ஊர் சுற்றப் போகிறவள் எடுத்துப்போகிற சாமான்கள் இல்லை. ஜன்னலோர இடம் கிடைத்தும் வேடிக்கை பார்க்கப் பிடிக்கவில்லை. புதன்கிழமையிலிருந்து எனக்குக் கோபம். முதலில் என் மேல், பிறகு எங்கள் ஆய்வுக்கூடத் தலைவர் மேல், அப்புறம் சுற்றிக்கொண்டு மறுபடியும் என் மேல்.

நான் அந்த ஆய்வுக்கூடத்தில் கணக்குப் போடுகிறவள். ஆட்டின் இரத்தத்திலிருந்து எடுத்த மரபணுவில் இருபத்தைந்து இடங்களைப் பார்ப்போம். ஒவ்வோர் இடத்திலும் இரண்டு எண்கள் கிடைக்கும். ஒன்று தாய் கொடுத்தது, மற்றது தகப்பன் கொடுத்தது. ஆக ஓர் ஆட்டுக்கு ஐம்பது எண்கள். எந்த எண் எந்த மந்தையில் எத்தனை முறை வருகிறது என்று கணினி பார்த்து, இவை ஓர் இனம், அவை வேறு இனம் என்று பிரித்து வண்ணப் பட்டைகளாக வரைந்து கொடுக்கும். கண்ணால் பார்த்து 'இது சென்னைச் சிவப்பு, இது மேச்சேரி' என்று சொன்னால் ஏமாறலாம், எண் ஏமாறாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நானும் அதையே பத்து வருடமாக மற்றவர்களுக்குச் சொல்லிவந்தேன். இந்தப் பத்து வருடத்தில் மீஞ்சூரும் எண்ணூரும் எனக்குத் திரையில் தெரிந்த பட்டைகள்தான். ஒரு நாளும் நேரில் போனதில்லை.

எங்களுக்காக அங்கெல்லாம் போய்வந்தவர் அந்தோணி. ராயபுரத்துக்காரர், ஒப்பந்த ஊழியர். வடசென்னையிலிருந்து மீஞ்சூர் வரை செம்மறிகளைத் தேடிப்போய்க் கழுத்து நரம்பில் ஊசி குத்தி, குழாயில் இரத்தம் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து எங்களிடம் கொண்டுவந்து சேர்ப்பார். மூன்று வருடம் இந்த வேலை பார்த்தார். இரண்டு வருடத்துக்கு முன் நெட்டுக்குப்பத்துக்கு எட்டு வாரம் போய், எட்டு வீடுகளின் எட்டுக் கிடாக்கள் என்று எட்டுக் குழாய்கள் கொண்டுவந்தார். கணினியில் போட்டேன். எட்டுக்கும் ஐம்பது எண்களும் அச்சு அசலாக ஒன்று. எட்டு வெவ்வேறு ஆடுகளுக்கு இப்படி அமைய எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிட்டேன். புள்ளிக்குப் பிறகு பூஜ்யங்கள் வரிசையாக நின்றன. அவர் எடுத்த படங்களைப் பார்த்தால் எட்டும் வெவ்வேறு கிடாக்கள்: ஒன்றுக்கு நீலக் கொம்பு, ஒன்றுக்குப் பச்சை, ஒன்றுக்குச் சிவப்பு. அப்படியானால் ஒரு கிடாவிடம் எடுத்த இரத்தத்தை எட்டுக் குழாயில் பிரித்து ஊற்றிவிட்டு டீக்கடையில் உட்கார்ந்திருந்திருக்கிறார். வேறென்ன? அப்படித்தான் ஆங்கிலத்தில் அறிக்கை எழுதினேன். அவர் பெயரை மூன்று இடத்தில் போட்டேன். அவரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. தலைவரும் கேட்கவில்லை. அடுத்த வாரம் அவருக்கு வேலை இல்லை.

போன புதன்கிழமை ஒரு சொற்பொழிவுக்குப் படம் வேண்டும் என்றார்கள். 'ஏமாற்று மாதிரிகளைக் கண்டுபிடிப்பது எப்படி' என்று அந்த எட்டுப் படங்களையும் ஒரே வரிசையில் அடுக்கினேன். அடுக்கியதும் கை நின்றுவிட்டது. எட்டிலும் இடது காது நுனியில் ஒரே கிழிசல், ஆங்கில 'வி' மாதிரி. இரண்டு வருடமாகக் கொம்பைப் பார்த்தேனே தவிர, காதைப் பார்க்கவில்லை.

காலை 7.15. கடற்கரையில் ரயில் மாறி, ஐந்து ரூபாயில் ராயபுரம். பழைய கோப்பில் இருந்த முகவரி மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்து. சந்தில் நாலு பேரைக் கேட்டதில் மூன்று பேருக்கு அந்தோணியைத் தெரிந்தது. ஒருவர், "எந்த அந்தோணி, ஊசி அந்தோணியா?" என்று கேட்டு, பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

காசிமேட்டில் ஐஸ் உடைக்கும் வேலை முடித்து அப்போதுதான் வந்திருந்தார். முழங்கால் வரை ஈரம். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது.

"இன்னா மேடம், ரத்தம் எதுனா கொறையுதா?"

உள்ளிருந்து அவர் மனைவி ஸ்டெல்லா எட்டிப் பார்த்தார். நான் யார் என்று அந்தோணி சொன்னதும், "அந்த பொம்பளயா? உள்ள இட்டுகினு வராத" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சந்திலேயே நின்று படங்களை எடுத்துக் கொடுத்தேன். காதைப் பாருங்கள் என்றேன். ஒவ்வொன்றாகப் பார்த்தார். மறுபடியும் முதலிலிருந்து பார்த்தார்.

"ஒரே கிடாவா?"

"அப்படித்தான் தெரியுது."

"அப்ப நானு எட்டு வாரமா ஒரே கிடாவயா குத்திகினு இருந்தேன்?"

திருடவில்லை என்று தெரிந்தால் மனிதருக்கு ஆறுதலாக இருக்கும் என்று வழியெல்லாம் நினைத்து வந்திருந்தேன். என்ன முட்டாள்தனம். தான் திருடவில்லை என்பது அவருக்கு எப்போதுமே தெரியும்.

"ரெண்டு வருசமா என் மச்சான், என் புள்ளைங்க எதிர்ல என்னிய டுபாக்கூர்னு சொல்லிகினு கீறான். ஆட்டு ரத்தத்தையே திருடுனவன்றான். நீ காதப் பாக்கறதுக்கு ரெண்டு வருசமா?"

'மேடம்' போய் 'நீ' வந்துவிட்டது. எனக்கு அதுதான் சரியாகப் பட்டது. பெரம்பூரில் ஒரு நாய், பூனை மருத்துவமனையில் உதவியாளர் வேலைக்குத் திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள் என்றார். ஊசி போடும் கை அவருக்கு. அந்த வேலை நன்றாகவே செய்வார். ஆனால் பழைய இடத்திலிருந்து நன்னடத்தைக் கடிதம் கேட்கிறார்கள். இதற்கு முன் இரண்டு இடத்தில் கேட்டு, எங்கள் ஆய்வுக்கூடத்துக்குப் போன் போட்டு விசாரித்து, வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். நெட்டுக்குப்பம் போய் அந்தக் கிடா உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கலாம், இருந்தால் நிரூபிக்கலாம் என்றேன். அவர் உள்ளே போய் உலர்ந்த சட்டை மாற்றிக்கொண்டு வந்தார்.

காலை 9.20. ராயபுரத்திலிருந்து எண்ணூருக்கு ரயிலில் பதினைந்து கிலோமீட்டர், மறுபடியும் ஐந்து ரூபாய். மொத்தம் இருபது ரூபாயும் சில மணி நேரமும் செலவழித்து வந்து கேட்க எனக்கு இரண்டு வருடம் ஆகியிருக்கிறது. கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர். எதிர் இருக்கையில் உட்கார்ந்த அந்தோணி என் பக்கம் திரும்பவே இல்லை. திருவொற்றியூர் தாண்டியதும் ஜன்னல் கம்பியில் கை வைத்தால் கறுப்பாக ஒட்டியது. தூரத்தில் அனல் மின்நிலையப் புகைபோக்கிகள் தெரிய ஆரம்பித்தன.

எண்ணூர் நிலையத்துக்கு வெளியே ஷேர் ஆட்டோ, ஆளுக்கு இருபது ரூபாய். ஓட்டுநர் என் கைப்பையைப் பார்த்தார்.

"கரண்டு கம்பெனி சாம்பல் பாக்க வந்துகீறியா, கடல்ல கலந்த எண்ண பாக்க வந்துகீறியாக்கா? வெளியேர்ந்து வர்றவங்க ரெண்டுல ஒண்ணதான் பாப்பாங்க."

"ஆடு பாக்க வந்திருக்கோம்" என்றேன்.

அவர் கண்ணாடியில் அந்தோணியைப் பார்த்தார். அந்தோணி, "மெய்தான், ஓட்டு" என்றார். அன்று அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது அப்போதுதான்.

வழி முழுக்கக் கண்டெய்னர் லாரிகள். இந்தச் சாலை ஓரத்தில் ஆடு வளர்ப்பார்கள் என்றே நான் நினைத்ததில்லை. வளர்க்கிறார்கள். மீன்பிடிக்கிற குடும்பங்கள் வீட்டுக்கு இரண்டு மூன்று பெட்டை ஆடுகள் வைத்திருக்கிறார்கள். கழிமுகத்தின் கரையில் முளைக்கிற உப்புப் பூண்டையும் கருவேலங்காயையும் தின்று, சாம்பல் படிந்த தண்ணீரைக் குடித்து, அந்தச் செம்மறிகள் உயிர் வாழ்கின்றன. எங்கள் கட்டுரையில் இருக்கும் சென்னைச் சிவப்பு இன வரைபடம் மீஞ்சூரோடு நின்றுவிடுகிறது. அதற்குத் தெற்கே வெள்ளை. எட்டுக் குழாய்கள் பொய் என்று முடிவானதும் அந்த ஊரின் மொத்த மாதிரிகளையும் நீக்கிவிட்டோம். ஆடே இல்லாத ஊர் என்று உலகத்துக்குச் சொல்லிவிட்டோம். இங்கே வந்து நின்றால் காலடியில் புழுக்கை.

காலை 10.40. நெட்டுக்குப்பம். கரையில் ஏற்றி வைத்த ஃபைபர் படகின் நிழலில், அந்த எட்டு வீட்டுக்காரர்களில் ஒருவரான கன்னியம்மா வலை பிரித்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். அந்தோணியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வா நைனா. எங்க காணோம் இத்தினி நாளா? டெஸ்ட்டு எடுக்கறத வுட்டுட்டியா?"

படகுக்குப் பின்னால் அது கட்டியிருந்தது. செந்நிறம், நெற்றியில் வெள்ளை, முறுக்கிய கொம்பு, கொம்பில் நீலப் பெயிண்ட். இடது காது நுனியில் கிழிசல். ஒரு படத்தை எடுத்து அந்தக் காதோடு ஒத்துப் பார்த்தேன்.

"இது யார் கிடாம்மா?" என்று கேட்டேன்.

"எங்க கிடாதான்."

"போன வாரம்?"

"போன வாரம் தேசம்மா வூட்டுக் கிடா. வர்ற வெள்ளிக்கிழமேலேர்ந்து எதுத்தாப்ல கீது பாரு, அந்த வூட்டுக் கிடா." நான் புரியாமல் நின்றதைப் பார்த்து வலையைக் கீழே போட்டார். "எட்டு வூட்டுக்கு ஒரு கிடா எம்மா. வூட்டுக்கு ஒண்ணு வெச்சா தீனிக்கு எங்க போறது? வாரம் ஒரு வூடு. வெள்ளிக்கிழம கை மாறும்."

"கொம்புல பெயிண்ட்?"

"இந்த வாரம் யாரு பொறுப்புன்னு தெரிய வாணாவா? ரோட்டுல லாரி போய்கினே கீது. கிடா அங்க ஓடிச்சின்னா யார கேக்கறது? நீலக் கொம்புன்னா என்னிய கேளு, என் படகு நீலம். பச்சக் கொம்புன்னா எதுத்த வூட்ட கேளு. போட்டுக்கு அடிச்ச பெயிண்டு மிச்சம் கெடக்கும். துணியில தொட்டு ரெண்டு இழுப்பு, அவ்ளோதான்."

அந்தோணி தலையில் கை வைத்துக்கொண்டு மணலில் குந்திவிட்டார்.

"உங்காண்ட கிடா கீதான்னு கேட்டா, அடுத்த சனிக்கிழம அந்த வூட்டுக்குப் போ, அங்க இருக்கும்னீங்க. நானு மேயப் போயிருக்கும்னு நெனச்சேன். நீயாவது ஒரு வார்த்த சொல்லிருக்கலாமில்ல?"

"நீ 'உங்க கிடாவா'ன்னு கேட்ட. அந்த வாரம் எங்க கிடாதான?" கன்னியம்மாவுக்கு அவர் வருத்தம் விளங்கவில்லை. "சர்க்காரு வாராவாரம் வந்து டெஸ்ட்டு எடுக்குது, நம்ம கிடா மேல அவ்ளோ அக்கறன்னு எல்லாரும் பேசிகினோம்."

ஒரு வீட்டுக்கு ஒரு கிடாவுக்கு மேல் எடுக்கக் கூடாது, ஒரே வீட்டு ஆடுகள் உறவாக இருக்கும், உறவு கணக்கைக் கெடுத்துவிடும் என்று விதி எழுதியவள் நான். அந்த விதியை எழுத்துப் பிசகாமல் பின்பற்றி, எட்டுச் சனிக்கிழமை வெயிலில் எட்டு வீட்டுக்கு நடந்திருக்கிறார் இவர். எட்டு வேறு ஆடுகள் ஒன்றுபோல் அமைய வாய்ப்பு எவ்வளவு என்று நான் போட்ட கணக்கில் ஒரு பிழையும் இல்லை. அவை எட்டு ஆடுகள்தானா என்று கேட்பது கணக்கில் வராது. அதற்கு ஒரு வாய் வேண்டும். என்னிடம் இருந்தது, நான் திறக்கவில்லை.

படகில் பழைய பெயிண்ட் சுரண்டுகிற தகட்டைக் கன்னியம்மாவிடம் வாங்கினேன். கொம்பை உடைத்துவிடாதே என்று சொல்லிக்கொண்டே கொடுத்தார். அந்தோணி கிடாவின் தலையைத் தொடைக்கு நடுவில் பிடித்துக்கொண்டார். கொம்பு நுனிக்குப் பக்கத்தில் மெதுவாகச் சுரண்டினேன். நீலத்துக்கு அடியில் ஊதா. ஊதாவுக்கு அடியில் கறுப்பு. அப்புறம் ஆரஞ்சு, வெள்ளை, மஞ்சள், சிவப்பு, பச்சை. பச்சைக்கு அடியில் மறுபடியும் நீலம். அதற்குக் கீழே மறுபடியும் ஊதா. என்னிடம் இருந்த படங்களைத் தேதி வரிசையில் மணலில் வைத்தேன்: நீலம், பச்சை, சிவப்பு, மஞ்சள், வெள்ளை, ஆரஞ்சு, கறுப்பு, ஊதா. மேலிருந்து கீழே சுரண்டினால் தேதி பின்னோக்கிப் போகும், அதே வரிசை தலைகீழாக வரும். வந்தது. இருபத்தைந்து இடம், ஐம்பது எண், கணினி எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அந்தோணி சுரண்டின இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

பழைய எட்டோடு எண்களை ஒப்பிட, குழாயையும் ஊசியையும் அவரிடம் எடுத்துக் கொடுத்தேன். கிடாவின் கழுத்து மயிரை விலக்கி, பெருவிரலால் நரம்பை அழுத்தி, ஒரே குத்து. கிடா அசையக்கூட இல்லை. குழாய் நிறைந்ததும் மூடியை நாலு முறை கவிழ்த்து நிமிர்த்தி என்னிடம் நீட்டினார். லேபிளில் கையெழுத்துப் போடச் சொன்னேன்.

"நீயே போடு. என் கையெழுத்துக்குதான் அங்க மதிப்பு இல்லையே."

நான் போட்டேன்.

பகல் 12.10. தலைவருக்குப் போன் செய்தேன். முழுவதும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார், அவருக்குப் பொறுமை அதிகம்.

"சுவாரஸ்யமான விஷயம்தான் சுகந்தி. ஆனா யோசிச்சுப் பாருங்க, ஒரே கிடான்னா எட்டை நாம கணக்குல சேத்திருக்கவே முடியாது. நீக்குனது சரிதான். முடிவு மாறாது. அந்த ஊரை நீக்குனதும் படம் எவ்வளவு சுத்தமா வந்துச்சு, ஞாபகம் இருக்கா? கட்டுரை வெளியாகி ஒரு வருஷம் ஆச்சு. இப்பப் போய்க் கிளற வேண்டாம்."

"அந்தோணி சார்?"

"அது ஒப்பந்த ஊழியர் விஷயம். நிர்வாகம் பாத்துக்கும்."

முடிவு மாறாது. அவர் சொன்னது முழுக்க உண்மை. மாதிரியை நீக்கினாலும் வைத்தாலும் சென்னைச் சிவப்பு சென்னைச் சிவப்புதான். நடுவில் ஒரு மனிதரை நீக்கியது எந்தப் படத்திலும் தெரியாது. அந்தக் கட்டுரையில் ஒன்பது பேர் பெயர் இருக்கிறது. மூன்றாவது பெயர் என்னுடையது. நாங்கள் ஆராய்ந்த ஆடுகளில் பாதிக்கு மேல் இரத்தம் பிடித்துக்கொடுத்தவர் பெயர், கடைசியில் போடும் நன்றிப் பட்டியலில்கூட இல்லை. பெட்ரோலுக்குக் கடன் கொடுத்த வாகனப் பிரிவுக்கு நன்றி சொல்லியிருக்கிறோம். போனைக் கைப்பையில் வீசிவிட்டு, திங்கட்கிழமைக்கு நானே என் பெயரில் கடிதம் எழுதித் தருகிறேன், ஆங்கிலத்தில், பெரம்பூருக்கு நேராக அனுப்புகிறேன் என்று அந்தோணியிடம் சொன்னேன்.

"அத்த அனுப்பு. மொதல்ல தமிழ்ல ஒண்ணு எழுது. இங்கயே எழுது. என் வூட்ல படிக்கணும்."

படகின் மேல் நோட்டை வைத்து எழுதினேன். அரைப் பக்கம் வந்தது. நெட்டுக்குப்பம் மாதிரிகள் எட்டும் முறைப்படி எடுக்கப்பட்டவை, எட்டு வீட்டுக்கும் ஒரே பொதுக் கிடா, அறிக்கை தவறானது, இதற்காக ஆய்வுக்கூடத்தின் சார்பில் வருந்துகிறோம். கீழே கையெழுத்து. அவர் வாங்கி வாய்விட்டுப் படித்தார். கன்னியம்மாவும் கேட்டார். படித்து முடித்துத் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

"அந்த இங்கிலீஷ் பேப்பர்ல என் பேரு எத்தினி தபா போட்ட?"

எனக்குத் தெரியும். புதன்கிழமை எண்ணியிருந்தேன்.

"மூணு."

"இதுல உன் பேர மூணு தபா போடு. ஆய்வுக்கூடம் இல்ல, வருந்துறோமும் இல்ல. செஞ்சது நீ."

அந்தத் தாளைக் கிழித்தேன். புதிதாக எழுதினேன். சுகந்தி ஆகிய நான் அந்தோணியிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் அறிக்கை எழுதினேன். அவர் இரத்தத்தைப் பிரித்து ஊற்றினார் என்று சுகந்தி ஆகிய நான் எழுதியது பொய். அவர் வேலை போனதற்குக் காரணம் சுகந்தி ஆகிய நான். அவர் மறுபடியும் படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மாலை 3.45. திரும்பவும் ராயபுரம், அதே சந்து. வீட்டு வாசலில் ஸ்டெல்லா கடிதத்தை வாங்கி, சந்துக்கே கேட்கிற மாதிரி படித்தார். காலையில் சிரித்த மனிதர் எதிர்வீட்டு வாசலில் நின்றிருந்தார். என் பெயர் வந்த மூன்று இடத்திலும் ஸ்டெல்லா தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்துவிட்டு அப்புறம்தான் அடுத்த வரிக்குப் போனார். முடித்ததும் மடித்தார்.

"நாளிக்கி எங்கண்ணன் வர்றான். அவனும் படிக்கட்டும்" என்று கணவரிடம் சொன்னார். என்னிடம், "பெரம்பூருக்கு இன்னிக்கே அனுப்பிடு" என்றார்.

உட்காரச் சொல்லவில்லை. டீ கொடுக்கவில்லை. என்னிடம் இப்படி எவளாவது வந்து நின்றிருந்தால் நான் அவளைப் படிக்க விட்டிருக்கக்கூட மாட்டேன்.

மாலை 5.05. கடற்கரையிலிருந்து தாம்பரம் போகும் ரயிலில் இருக்கிறேன். போனிலேயே தட்டிய ஆங்கிலக் கடிதம் மின்னஞ்சலில் பெரம்பூருக்குப் போய்விட்டது. தலைவருக்கும் கட்டுரை வெளியிட்டவர்களுக்கும் ஒரு பிரதி போய்விட்டது. அதிலும் என் பெயர் மூன்று முறை இருக்கிறது. எழும்பூர் வருவதற்குள் தலைவரிடமிருந்து நாலு அழைப்புகள். எடுக்கவில்லை. நகத்தில் சாம்பலும், சாம்பலுக்கு அடியில் கொஞ்சம் நீலப் பெயிண்ட்டும் ஒட்டியிருக்கிறது. நான் வாழும் பக்கத்தில் நல்ல சாலைகள், நிழல் மரங்கள், கை வைத்தால் ஒட்டாத ஜன்னல் கம்பிகள். இந்தப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டுதான் அந்தப் பக்கத்து மனிதரைத் திருடன் என்று எழுதினேன். ஐந்தாவது அழைப்பு வருகிறது. இதை எடுக்கப்போகிறேன்.